இயற்கை முகாம்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கிறதா? உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

செங்கல்பட்டிலிருந்து ஒரு தந்தை:

வேடந்தாங்கலுக்குப் போகாதவர்கள் இங்கே குறைவு என்பதால் இடத்தை விவரிக்கவில்லை. மாசி மாதத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு நாள் முகாம் அது. என் மகள் சக்கர நாற்காலியில் வருவாள் என்பதைப் பதிவுப் படிவத்திலேயே எழுதியிருந்தேன். பார்வைக் கோபுரத்தை அடைந்ததும் மற்ற பிள்ளைகள் படியேறிவிட்டார்கள். அமைப்பாளர்களில் ஒரு தம்பி, மேலிருந்து எடுத்த கூழைக்கடாப் (பெலிக்கன்) படங்களைத் தம் கைபேசியில் அவளுக்குக் காட்டினார். நாலைந்து படங்களைத் தள்ளிப் பார்த்தவள், "அண்ணா, இதை வீட்டிலேயே பார்த்திருப்பேனே" என்று சொல்லிக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அருகில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏறித்தான் பாக்கணுமா கண்ணு? கரையோட இன்னும் கொஞ்சம் போனா மரம் கிட்டக்கவே தெரியும்" என்று சொல்லி, கூடையை விட்டுவிட்டு எங்களோடு வந்தார். அங்கிருந்து பார்த்தபோது, ஒரு கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையையும் கழுத்தையும் முழுவதுமாக நுழைத்து இரை தேடிக்கொண்டிருந்தது. கோபுரத்தில் ஏறிய பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்து, சட்டங்கள் வருவதற்கு முன்பே அவற்றைக் காத்துவந்த ஊர் அது. அந்த ஊரில் ஒருவரிடம்கூட, எங்கே நின்று பார்க்கலாம் என்று முன்கூட்டியே கேட்காமல் ஒரு முகாமை எப்படித் திட்டமிட்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சென்னையிலிருந்து ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர்:

கடலாமை நடையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னையில் மாணவர்கள் 1988 முதல் ஒரு வலையமைப்பாகச் சேர்ந்து, ஜனவரியில் தொடங்கும் பருவத்தில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையில் இரவு நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைப் பாதுகாத்து வருகிறார்கள். நான் சொல்ல வந்தது, வேறொரு குழுவினர் இன்னும் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் காது கேளாத கல்லூரி மாணவர்களுக்காக நடத்திய முகாமைப் பற்றி.

கைவிளக்கு கூடாது என்பது விதி. வெளிச்சத்தைக் கண்டால் கரையேறும் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும், குஞ்சுகளோ கடலை விட்டு விளக்கை நோக்கி நகரும். ஆகவே விதி சரியானதுதான். ஆனால், காது கேட்பவர்கள் இருட்டிலும் பேசிக்கொண்டே நடக்கலாம், எங்கள் மாணவர்களுக்கு என் கைகள் தெரியாத இடத்தில் பேச்சே கிடையாது. இதை யாரும் யோசித்திருக்கவில்லை. ஆமையின் தடம் கண்ணில் பட்டதும், எங்களோடு வந்த குப்பத்து இளைஞர் ஒரு மாணவரின் உள்ளங்கையைப் பிடித்து, துடுப்புக் கால் மணலில் கிழித்த பள்ளத்தின்மேல் வைத்து, அந்தத் தடம் முடியும் இடம்வரை நகர்த்திக்கொண்டு போனார். பிறகு கம்பைப் பிடித்த தம் கையின்மேல் மாணவரின் கையை வைத்துக்கொண்டு மணலைச் சோதித்தார். இறுகலாக இறங்கிய கம்பு, முட்டைக் குழி இருந்த இடத்தில் சட்டென்று நெகிழ்ந்தது. அந்த மாணவர் மறு கையால் என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து இறுக்கியது இன்னும் நினைவில் இருக்கிறது.

அதே இரவில் மாணவர்களும் குப்பத்து இளைஞர்களும் சேர்ந்து தொடு குறிகளை வகுத்துக்கொண்டார்கள். தோளில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் உட்கார். மங்கலான சிவப்பு விளக்கு ஆமையை அவ்வளவாகப் பாதிப்பதில்லை என்பதால், நீண்ட பேச்சு எதுவாக இருந்தாலும் கரையை விட்டு விலகி வந்து அந்த வெளிச்சத்தில் வைத்துக்கொண்டோம். அடுத்த பருவத்துக்கு அதே மாணவர்கள் பதிவு செய்தபோது, இருட்டில் அவர்களுக்குப் பாதுகாப்பில்லை என்று அமைப்பாளர்கள் மறுத்துவிட்டார்கள். மறுத்தவர் அந்த இரவு எங்களோடு நடந்தவர்.

காரைக்குடியிலிருந்து ஒரு தாய்:

என் மகனுக்கு ஆட்டிசம். தீபாவளி வாரம் முழுவதும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் இருப்பான். வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிப்பதில்லை என்பதைச் செய்தித்தாளில் ஆண்டுதோறும் படிக்கிறோம் அல்லவா, ஒரு தீபாவளிக்கு அங்கேயே போய்விட்டோம். முகாம் என்று எதுவும் இல்லை. கண்மாய்க் கரையில் உட்கார்ந்து, நத்தைகொத்தி நாரைகள் குச்சி சுமந்து போவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஊர்ப் பெரியவர் ஒருவர், "பயப்படாம இருக்கச் சொல்லுங்க, இங்க யாரும் வெடிக்க மாட்டாங்க" என்றார். எங்கள் தெருவில் இப்படி ஒரு சொல்லைக் கேட்க நான் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டியிருப்பேன்! முகாம் நடத்துகிறவர்கள் இத்தகைய ஊர்களைத் தேடிப் போகலாம்.

மதுரையிலிருந்து ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர்:

செங்கல்பட்டு ஐயா எழுதியதை முழுமையாக ஏற்க இயலவில்லை. நல்ல மனம் படைத்த ஓர் அம்மா உதவியதால் அன்றைய பொழுது நன்றாக முடிந்தது, ஆனால் அந்த அம்மா அன்று கடை போடாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தற்செயலை நம்பி முகாம் நடத்தக் கூடாது.

ஆனைமலைப் பக்கத்து முகாம் ஒன்றில் ஒரு மாணவி காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. பாட்டிலை நீட்டியபோதெல்லாம் வாயை நனைத்துவிட்டு மூடிவிட்டாள். காலில் காலிப்பர் என்னும் தாங்கு கருவி அணிந்த அவளால் உட்கார முடியாத கழிவறை மட்டுமே அங்கே இருந்தது. அதை அவளே எனக்குச் சொன்னபோது மாலை ஆகிவிட்டது.

எனவே முதலில் கழிவறையைப் பாருங்கள், காட்டைப் பிறகு பார்க்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, ஆனால் படிவத்தில் எந்த வகை என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொண்டால் பயனில்லை. சாப்பிடவும் தூங்கவும் நடக்கவும் என்ன தேவை, வலிப்பு மாத்திரை எத்தனை மணிக்கு, எந்தச் சத்தம் ஆகாது என்று கேட்க வேண்டும். முன்னோட்டப் பயணத்துக்கு அமைப்பாளர்கள் மட்டும் போகாமல், சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவரையும் அழைத்துப் போக வேண்டும். கட்டியதைப் பராமரிக்கவும் பணம் ஒதுக்க வேண்டும். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்த மரப்பாதை டிசம்பரிலேயே மாண்டஸ் புயலில் சேதமடைந்ததைப் பார்த்தோம். அதைச் சீரமைக்க ஆளும் பணமும் இருந்ததால்தான் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. ஊராரோடு கூட்டு என்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும். வழிகாட்டிக்கு நாள் கூலி எவ்வளவு, சமைப்பவர் யார், ஊர்த் திருவிழாவும் அறுவடையும் எப்போது என்பதையெல்லாம் ஊர்க் கூட்டத்தில் பேசி முடித்த பிறகே தேதி குறிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், குப்பத்து இளைஞர்களுக்கு அப்போதுதான் வருமானம் தேவைப்படும். கடைசியாக, குறைபாடுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணையாளைக் கட்டாயமாக்குங்கள்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு தன்னார்வலர்:

கூலியைப் பற்றி மதுரை ஆசிரியர் சொன்னது சரி, ஆனால் கூலியோடு முடிந்துவிடுமா என்று கேட்க விரும்புகிறேன். எங்கள் பகுதியில் பாம்பு, செடி, தடம் என்றால் இருளர்களைத்தான் அழைப்பார்கள். 1978-இல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சிலிருந்து நாடெங்கும் பாம்புக்கடி மருந்து தயாராகிறது என்பதை அனைவரும் அறிவோம்.

ஒரு முகாமில் வழிகாட்டியாக வந்த இருளர் இளைஞருடன் அவருடைய தம்பியும் வந்திருந்தான். எட்டாம் வகுப்பு படிப்பவன். புற்றின் வாயில் சிலந்தி வலை கலையாமல் இருந்தால் அண்மையில் எதுவும் உள்ளே போகவில்லை என்று நகரத்துப் பிள்ளைகளுக்கு விளக்கியவன் அவன்தான். மாலையில் பெயர் வாசித்துச் சான்றிதழும் தொப்பியும் கொடுத்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவனும் கை தட்டினான். வரிசை முடிந்த பிறகும் அட்டைப் பெட்டியில் தொப்பிகள் மிச்சம் இருந்தன. அவனுக்கும் ஒன்று கொடுக்கலாமே என்று நான் கேட்டதற்கு, பட்டியலில் அவன் பெயர் இல்லை என்றார்கள். வழிகாட்டியின் வீட்டுப் பிள்ளை முகாமுக்குப் பதிவு செய்யக்கூடிய பிள்ளையும்தான் என்பது அமைப்பாளர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. கட்டணமில்லா இடங்களைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு மற்றவர்களுக்குப் பதிவைத் திறக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நாங்குநேரியிலிருந்து, பார்வைக் குறையுடைய கல்லூரி மாணவர்:

மதுரை ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் அறிவுரைகளில் கடைசியானதை மட்டும் கடுமையாக மறுக்கிறேன். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் நடந்த முகாமில் எனக்கும் கட்டாயத் துணையாள் ஒருவரைத் தந்தார்கள். அவர் என் முழங்கையை விடவே இல்லை. "வெள்ளைப் பறவை நிறைய இருக்கிறது" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லவும் தெரியவில்லை.

அங்கே பறவைகள் குளத்தில் மட்டுமல்லாமல் ஊருக்குள் வீட்டு மரங்களிலும் கூடு கட்டும். ஒரு பாட்டி என்னைத் தம் வீட்டுப் புறவாசலுக்குக் கூப்பிட்டார். தலைக்கு மேலே மஞ்சள் மூக்கு நாரைகள் அலகோடு அலகு தட்டும் ஓசை. வளர்ந்த நாரை பெரும்பாலும் குரல் கொடுப்பதில்லை, இந்தத் தட்டல்தான் அதன் பேச்சு. எந்தக் கிளையில் எந்தக் கூடு என்பதைப் பாட்டி என் கையைப் பிடித்துச் சுட்டிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டையில் எச்சம் விழுந்தது. துணையாள் பதறி என்னை இழுத்தார். "நில்லுய்யா, கழுவுனா போயிரும்" என்றார் பாட்டி. எனக்கும் நிற்கத்தான் விருப்பம், ஆனால் என்னைக் கேட்காமலே வண்டிக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

வலிப்பு வரும் பிள்ளைக்கும் சிறு குழந்தைக்கும் துணையாள் தேவைப்படலாம். எனக்குத் தேவையா என்பதை நான் அல்லவா சொல்ல வேண்டும்? வருகிற தை மாதம் கூந்தன்குளத்துக்குப் பேருந்திலேயே போகிறேன். பாட்டியின் வீட்டாரிடம் கேட்டு ஒப்புதல் பெற்றுவிட்டேன், சமையலுக்கும் பேசியாகிவிட்டது. வர விரும்பும் பார்வைக் குறையுடையோர் கீழே எழுதுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமா வேண்டாமா என்பதையும் நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள்.