கூலிங் ஓடும்போது மட்டும் தெர்மோஸ்டாட் ஆஃப்லைன்: டிரான்ஸ்ஃபார்மர்தான் காரணமா?

சின்ன ஆபீஸ் கட்டடம், மாடியில் 4 பேக்கேஜ் யூனிட் (முழு ஏசியும் ஒரே பெட்டியில்). நான்கிலும் கிளவுட் தெர்மோஸ்டாட் (வைஃபை வழியாக இணையத்தில் இயங்குவது) மாட்டியாச்சு, அதற்கு எப்போதும் கரன்ட் கிடைக்க சி ஒயரும் (பொது ஒயர்) உண்டு. நான்காவது மட்டும் கம்ப்ரசர் ஓடும்போது ஆஃப்லைன். நின்றதும் தானாக வந்துவிடுகிறது.

ரூட்டர் மேல் சந்தேகமில்லை: 2.4 கிகாஹெர்ட்ஸ், சிக்னல் -58 டிபிஎம். தெர்மோஸ்டாட்டில் ஆர் (கரன்ட் வரும் ஒயர்)-சி இடையே சும்மா இருக்கையில் 26 வோல்ட் ஏசி, ஒய் (கூலிங் கட்டளை) வந்ததும் 19. மாடியில் டிரான்ஸ்ஃபார்மர் முனையிலேயே 20தான், அதனால் ஒயர் நீளத்தைக் குறை சொல்ல முடியாது. இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 40 விஏ (அது தாங்கும் லோடு). கான்டாக்டர் (கம்ப்ரசரை ஆன் செய்யும் சுவிட்ச்) காயில், டேம்பர் (காற்றுவழிக் கதவு) மோட்டார் எல்லாம் அதில்தான்.

75 விஏ மாற்றினால் போதுமா? இல்லை, தெர்மோஸ்டாட்டுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ரிலேயால் பிரிப்பது நல்லதா? இரண்டு டிரான்ஸ்ஃபார்மரையும் பேரலலாக இணைக்கும் யோசனை வேண்டாம். முனை மாறினால் புகைதான். காயிலே பழுதாகி அதிகக் கரன்ட் இழுக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?