தரவுத்தள நிர்வாகி: பணி ஆணையில் உள்ள பதவியும் கையில் உள்ள உரிமையும்

நிறுவனத்தின் தரவுகள் சேமிக்கப்பட்டிருக்கும் தரவுத்தளத்தைப் பராமரிப்பவர் தரவுத்தள நிர்வாகி. அந்தப் பதவிப் பெயர் உண்மையான வேலையைச் சொல்கிறதா என்று உறுப்பினர்கள் மூவர் தங்கள் அனுபவத்திலிருந்து சொல்கிறார்கள்.

பாளையங்கோட்டை உறுப்பினர்:

வண்ணார்பேட்டையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனை எனக்கு அளித்த பணி ஆணையில் 'தரவுத்தள நிர்வாகி' என்றே இருந்தது. பில்லிங் கவுண்டரில் பிரிண்டர் நின்றுபோனாலும், வாசல் கேமராவில் படம் வராவிட்டாலும், மேலாளர் அண்ணாச்சி "தம்பி, கொஞ்சம் வந்து பாருங்க" என்று அழைப்பது என்னைத்தான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கணினி தெரிந்தவர் ஒருவரே இருக்கும் இடத்தில் அப்படித்தான் நடக்கும். ஆனால் நோயாளிகளின் பதிவுகள் இருந்த எஸ்கியூஎல் சர்வர் என்ற மைக்ரோசாஃப்ட் தரவுத்தள மென்பொருளில் எனக்குத் தரப்பட்டிருந்தது 'டிபி பேக்கப் ஆபரேட்டர்' என்ற உரிமை மட்டுமே. அதை வைத்திருப்பவர் தரவுத்தளத்தை பேக்கப் (காப்பு நகல்) எடுக்கலாம். எடுத்ததைத் திரும்ப ஏற்ற, அதாவது ரீஸ்டோர் செய்ய, அந்த உரிமை போதாது. சர்வரில் எதையும் செய்யவல்ல சிஸ்அட்மின் உரிமை முழுவதும் மென்பொருளை விற்ற நிறுவனத்திடம் இருந்தது. ஒரு நாள் ஹார்ட் டிஸ்க் பழுதாகி ரீஸ்டோர் செய்ய நேர்ந்தபோது, பதவிப் பெயரைச் சுமந்த நான் தொலைபேசியுடன் நின்றேன். 'சப்போர்ட் எக்ஸிகியூட்டிவ்' என்று கையொப்பமிடும் ஒரு பெண் சென்னையிலிருந்து இணைந்து வேலையை முடித்தார். அன்று தரவுத்தள நிர்வாகி அவர்தான்.

தென்காசி உறுப்பினர்:

என் நிலை இதற்கு நேர் எதிரானது. வங்கி ஒன்றில் ஆரக்கிள் என்ற மென்பொருளில் இயங்கும் தரவுத்தளங்களை வீட்டிலிருந்தபடியே கவனித்துக்கொள்ளும் எனக்கு, நிறுவனத்தின் ஏட்டில் பதவி 'சீனியர் அசோசியேட்'. அது சம்பளப் படியைக் காட்டுமே தவிர, வேலையைக் காட்டாது; அதே பெயரில் சோதனைக் குழுவிலும் பலர் இருக்கிறார்கள்.

மனிதவளத் துறை வகுக்காததை மென்பொருளே வகுத்து வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். ஆரக்கிளில் சிஸ்டிபிஏ உரிமை உள்ளவருக்கு எந்தக் கதவும் பூட்டில்லை. சிஸ்ஆப்பர் உரிமை உள்ளவர் தரவுத்தளத்தை நிறுத்தலாம், தொடங்கலாம்; பயனர்களின் தரவைப் பார்க்க முடியாது. 2013-இல் வந்த ஆரக்கிளின் 12சி பதிப்பு, பேக்கப்புக்கு சிஸ்பேக்கப், மாற்றுத் தளத்தைப் பராமரிக்கும் டேட்டா கார்டு (Data Guard) வசதிக்கு சிஸ்டிஜி, தரவை ரகசியக் குறியாக மாற்றப் பயன்படும் மறைகுறியாக்கச் சாவிகளுக்கு சிஸ்கேஎம் என்று பணிகளை மேலும் பிரித்தது. பேக்கப் எடுப்பவர் வாடிக்கையாளரின் கணக்கிருப்பைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்பதே அதன் காரணம். எங்களிடம் தணிக்கைக்கு வந்தவர் யாருடைய பதவியையும் விசாரிக்கவில்லை. இத்தகைய உரிமை பெற்றவர்களை ஆரக்கிள் பதிந்து வைக்கும் பாஸ்வேர்ட் ஃபைலில் யார் யார் பெயர் இருக்கிறது என்ற பட்டியலைத்தான் முதலில் கேட்டார்.

கங்கைகொண்டானில் பணியாற்றும் உறுப்பினர்:

சர்வரைச் சொந்தமாக வைத்துக்கொள்ளாமல் இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் மேகக் கணினிச் சேவைகள் வந்தபின் இந்தக் குழப்பம் கூடியிருக்கிறது. அமேசான் 2009-இல் ஆர்டிஎஸ் என்ற தரவுத்தளச் சேவையைத் தொடங்கியது; அதில் பேட்ச் (மென்பொருள் திருத்தம்) இடுவதும் அன்றாட பேக்கப்பும் பெரும்பாலும் சேவையின் பொறுப்பு. ஆரக்கிளை அங்கே வழக்கமான ஆர்டிஎஸ் முறையில் ஓட்டினால் வாடிக்கையாளருக்கு சிஸ்டிபிஏ உரிமையே கிடைக்காது. இதைப் பார்த்துவிட்டு, நிர்வாகி என்ற பதவியே இனி வேண்டாம் என்று 'டேட்டாபேஸ் இன்ஜினியர்', 'ரிலையபிலிட்டி இன்ஜினியர்' என விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் மெதுவாக ஓடும் கொயரியை (தரவுத்தளத்திடம் கேட்கும் வினவலை) ஆராய்ந்து, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் அமைப்பதும், யார் எந்த டேபிளைப் (தரவு அட்டவணையை) பார்க்கலாம் என்று தீர்மானிப்பதும், எந்த நேரத்து நிலைக்கு மீட்க வேண்டும் என்று முடிவெடுப்பதும் இன்னும் மனிதரிடமே இருக்கின்றன. பழைய நிர்வாகியும் இதைத்தானே செய்தார்?

எனவே, எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று நம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் கேட்கும்போது, பெயரை விட்டுவிட்டு, நேர்காணலில் ஒன்றைக் கேட்கச் சொல்கிறேன்: நள்ளிரவில் தரவுத்தளம் விழுந்தால் ரீஸ்டோர் செய்பவர் யார், அதற்கான உரிமை என் லாகினுக்கு இருக்குமா? மனிதவளத் துறையினரிடம் இதற்குப் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. தொழில்நுட்பத் தலைவரிடம் கேட்டுப் பெறுவதே நல்லது, அதையும் பணி ஆணையில் கையெழுத்திடும் முன்பே.