என்கோடர் காட்டி: ‘நிலை’யும் ‘மானி’யும் வேண்டாமே

வணக்கம்.

என்கோடர் என்பது எந்திரத்தின் சுழற்சியையோ நகர்வையோ மின்சிக்னலாக மாற்றும் கருவி. அதன் சிக்னலை வாங்கி, எந்திரத்தின் அச்சு (நகரும் பகுதி) எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று எண்ணில் காட்டும் பெட்டிக்குத் தமிழ்ப் பெயராக ‘நிலை-வேகமானி’ என்ற பரிந்துரை வந்திருக்கிறது. வேகம் சரி. மற்ற இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

எந்திரத் திரைகளில் ஏற்கெனவே ஒரு ‘நிலை’ உண்டு. ஓடுகிறதா, நின்றிருக்கிறதா, கோளாறா என்று சொல்வது அது. ஒரே திரையில் மேலே ‘நிலை: கோளாறு’, கீழே ‘நிலை: 125.50’ என்று இருந்தால், இரவு ஷிஃப்டில் பார்ப்பவர் பாவம். ‘இடம்’ என்று போட்டால் மூன்றெழுத்தில் வேலை முடிந்தது. ‘இருப்பிடம்’ என்று நீட்டினால் வீட்டு விலாசம் கேட்பதுபோல் ஆகிவிடும்.

அடுத்தது மானி. வெப்பமானியும் அழுத்தமானியும் தாமே உணர்ந்து அளப்பவை. இந்தப் பெட்டி எதையும் உணர்வதில்லை. தண்டில் மாட்டிய என்கோடர் அனுப்பும் பல்ஸை (மின்துடிப்பை) எண்ணி, பெருக்கிக் காட்டுகிறது. ஒரு சுற்றுக்கு 1000 பல்ஸ் தரும் என்கோடர், 5 மி.மீ. புரியிடைத் தூரம் உள்ள (ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும்) திருகுதண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். என்கோடர் பல்ஸ் அனுப்பும் ஏ, பி என்ற இரண்டு சிக்னல் தடங்களின் ஏற்ற இறக்கம் நான்கையும் எண்ணினால் ஒரு சுற்றுக்கு 4000 எண்ணிக்கை, ஒன்றுக்கு 1.25 மைக்ரான். அந்தப் பெருக்கெண்ணைத் தப்பாகக் கொடுத்தால் பெட்டி அதே தப்பைக் கூச்சமில்லாமல் காட்டும். வேகத்துக்காக நேரத்தை அளக்கிறதே என்று கேட்கலாம். அளக்கத்தான் செய்கிறது. ஆனாலும் இதை மட்டும் வாங்கினால் போதாது, என்கோடரும் வேண்டும் என்பது பெயரிலேயே தெரிவது நல்லது. ஆகவே ‘இட-வேகங்காட்டி’ என்பது என் பரிந்துரை.

இனி என்கோடருக்கே வருவோம். ‘குறியாக்கி’ பலருக்கும் பிடித்திருக்கிறது. வீடியோவைச் சுருக்கும் மென்பொருளுக்கும் அதே பெயர் இருக்கிறது, பக்கத்திலேயே ‘மறைகுறியாக்கி’ வேறு. அது போகட்டும். பெரும்பாலான எந்திரங்களில் இருக்கும் சாதாரண வகை எந்தக் குறியையும் ஆக்குவதில்லை. கொஞ்சம் நகர்ந்தால் ஒரு பல்ஸ், அவ்வளவுதான். மின்சாரம் போன நேரத்தில் யாராவது தண்டைக் கையால் திருப்பிவிட்டால் அதற்குத் தெரியாது. திரும்ப மின்சாரம் வரும்போது காட்டி பழைய எண்ணையோ பூஜ்யத்தையோ காட்டும். இரண்டையும் நம்ப முடியாது. அச்சைத் தொடக்கப் புள்ளிக்குக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும்.

உண்மையிலேயே குறியாக்குவது இன்னொரு வகை. அதன் வட்டில் ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் குறி உண்டு, பெரும்பாலும் கிரே குறிமுறையில். சாதாரண இரும எண்ணில் 7-லிருந்து 8-க்குப் போகையில் 0111 என்பது 1000 ஆகும். நான்கு பிட்டும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். அந்த எல்லையில் ஒரு பிட் முந்தி, ஒன்று பிந்தினால் நடுவில் சம்பந்தமே இல்லாத எண் படிக்கப்படும். கிரே முறையில் அடுத்தடுத்த இடங்களுக்கிடையே ஒரு பிட் மட்டும் மாறுவதால் இந்தத் தொல்லை இல்லை.

வேலை இப்படி வேறுபடும்போது இரண்டையும் ‘குறியாக்கி’ என்ற ஒரே குடையின் கீழ் நிறுத்துவானேன்? ‘என்கோடர்’ எல்லோர் வாயிலும் புழங்கும் சொல், அது இருக்கட்டும். முன்னொட்டைத் தமிழில் வைப்போம்: பல்ஸ் மட்டும் தரும் வகைக்கு ‘துடிப்பு என்கோடர்’, தனிக் குறி தரும் வகைக்கு ‘இடமறி என்கோடர்’. என்கோடரை ‘நகர்வுணரி’ என்றால் ஆள் வந்ததும் விளக்கைப் போடும் கருவி என்று நினைப்பார்கள். ‘பெயர்ச்சியுணரி’ இலக்கணப்படி சரி, ஆனால் பெயர்ச்சி என்றதும் நம்மவர்களுக்குக் கிரகங்கள்தான் நினைவுக்கு வரும்.

வேகமா திசைவேகமா என்ற கேள்விக்கு வயரிங்கே பதில் சொல்கிறது. ஏ தடம் மட்டும் இணைத்தால் திசை தெரியாது, கிடைப்பது வேகம். ஏ, பி இரண்டும் இருந்தால் ஒரு தடத்தின் பல்ஸ் மற்றதைவிடக் கால் பல்ஸ் சுழற்சி முந்தியோ பிந்தியோ வருவதை வைத்துத் திசையும் தெரிகிறது, காட்டியில் கழித்தல் குறி வருகிறது. கண்டிப்பாகப் பார்த்தால் அது திசைவேகம். கையேட்டில் இந்த வேறுபாட்டைச் சொல்லலாம். முகப்பில் ‘வேகம்’ போதும்.

நான் ரொம்பவே எதிர்ப்பது, ‘கேட் டைம்’ என்ற அமைப்புக்கு வந்த ‘வாயில் நேரம்’ என்பதைத்தான். ஆங்கிலத்தை அப்படியே பிடித்து இழுத்து வந்த சொல். அந்த அமைப்பில் நடப்பது, இவ்வளவு நேரத்துக்கு எண்ணு என்பதுதான். ‘எண்ணும் நேரம்’ என்றே சொல்லலாமே. சொல் விளங்கினால் ஏன் எண் ஆடுகிறது என்பதும் விளங்கும். அதே 1000 பல்ஸ் என்கோடர், பல்ஸை ஒருமடங்காக (நான்கு மடங்காக அல்லாமல்) எண்ணுகிறோம், தண்டு நிமிடத்துக்கு 60 சுற்று, எண்ணும் நேரம் 10 மில்லிவினாடி: கிடைப்பது 10 பல்ஸ். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ 6 சுற்று வித்தியாசம். வேகம் ஒரே சீராக இருந்தும் திரையில் 54, 60, 66 என்று ஆட்டம் போடும். நேரத்தைக் கூட்டினால் ஆட்டம் அடங்கும், ஆனால் காட்டி மந்தமாகிவிடும். மெதுவான ஓட்டத்தில் இரண்டு பல்ஸுக்கு இடையிலான நேரத்தை அளப்பது மேல். இந்த அமைப்புக்கு ‘இடைநேர முறை’ என்று வைக்கலாம்.

‘பிரிதிறன்’ (காட்ட முடிகிற மிகச் சிறிய மாற்றம்), ‘துல்லியம்’ (காட்டுவது உண்மைக்கு எவ்வளவு நெருக்கம் என்பது) இரண்டையும் கலக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். மேலே சொன்ன 1.25 மைக்ரான் பிரிதிறன். திருகில் தேய்மானமும் பேக்லாஷும் (திசை மாறும்போது வரும் இடைவெளித் தளர்வும்) இருந்தால் துல்லியம் அதன் பக்கத்தில்கூட வராது.

இன்னும் ஒன்றுக்கு எனக்கு விடை இல்லை: ஏ, பி தவிர மூன்றாவதான இசட் தடத்தில், ஓர் இடத்தை அடையாளம் காட்ட வரும் பல்ஸ். சுழலும் என்கோடரில் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வருவதால் ‘சுற்றுத் துடிப்பு’ என்று எழுதி வைத்திருந்தேன். சுழற்சிக்குப் பதில் நேரான நகர்வை அளக்கும் நேர்கோட்டு அளவுகோலிலும் இதே வேலையைச் செய்யும் அடையாளக் கோடு உண்டு. அங்கே சுற்றே கிடையாது. ‘பூஜ்யத் துடிப்பு’ என்றாலும் சிக்கல், அது வரும் இடத்தில் காட்டி பூஜ்யம் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டுக்கும் பொருந்துகிற சொல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.