ஒன்பது ஆண்டுகள் ஒரே நாற்காலி

அன்புள்ள சங்கத்து உறவுகளுக்கு, வணக்கம்.

போன கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடிப்பதற்குள் என் தொண்டை வறண்டுவிட்டது. மூன்று வருடப் பொருளாளர் வேலைக்கே இந்தப் பாடு. அன்றிலிருந்து க. சண்முகம் நினைவாகவே இருக்கிறேன். 1985ஆம் ஆண்டு ஐஏஎஸ் அணியைச் சேர்ந்த அவர், 2010 முதல் 2019 வரை தமிழக நிதித்துறைச் செயலாளராக இருந்தார்.

ஆட்சி மாறினால் கோட்டையில் முதலில் மாறுவது செயலாளர்களின் அறைப் பலகைதான். 2011இல் கருணாநிதி போய் ஜெயலலிதா வந்தபோதும் சண்முகத்தின் பலகை கழற்றப்படவில்லை. பிறகு ஓ. பன்னீர்செல்வம், எடப்பாடி பழனிசாமி என மொத்தம் நான்கு முதல்வர்கள். எந்தத் துறை எதைக் கேட்டாலும் கோப்பு நிதித்துறைக்கு வந்தாக வேண்டும். 'இயலாது' என்று எழுதுவதுதான் அந்த நாற்காலியின் அன்றாட வேலை. அப்படி எழுதியும் ஒருவர் ஒன்பது ஆண்டுகள் நீடித்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நம் சங்கத்தில் தேநீர்ச் செலவை மறுத்ததற்கே இருவர் என்னுடன் பேசுவதில்லை.

காலமும் சுலபமானதல்ல. 14ஆவது நிதிக்குழு, மத்திய வரிப் பகிர்வில் தமிழகத்தின் பங்கை 4.969 சதவீதத்திலிருந்து 4.023 ஆகக் குறைத்தது. மின்வாரியங்களின் கடனை மாநில அரசுகள் ஏற்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் 2017 ஜனவரியில் சேர்ந்ததால் மின்வாரியக் கடன் 22,815 கோடி ரூபாய் அரசின் தலையில் ஏறியது. அந்த நிதியாண்டில் நிதிப் பற்றாக்குறை, மாநில உற்பத்தியில் 3 சதவீதம் என்ற வரம்பைத் தாண்டியது. அதே 2017இல் ஜிஎஸ்டியும் புதிய ஊதிய விகிதமும் அடுத்தடுத்து வந்தன.

பாராட்டி மட்டும் எழுதினால் கணக்கு சரியாகாது. 2013–14 முதல் வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாத நிலை, விடாமல் தொடர்ந்தது. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கை அதைக் கடுமையாகவே சொன்னது. இலவசங்களையும் மானியங்களையும் முடிவு செய்வது அமைச்சரவை. அதற்குப் பணம் தேடுவது செயலாளர். பழியில் அவருக்கு எத்தனை பங்கு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

2019 ஜூலையில் சண்முகம் தலைமைச் செயலாளர் ஆனார். ஓராண்டில் ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர். கொரோனா காலமாகையால் மூன்று மூன்று மாதமாக இருமுறை நீட்டிப்புக் கொடுத்து, 2021 ஜனவரி இறுதியில்தான் விட்டார்கள்.

எனக்கு அப்படி எந்த நீட்டிப்பும் வேண்டாம். அடுத்த பொதுக்குழுவில் புதிய பொருளாளரைத் தேர்ந்தெடுங்கள். பேரேடும் ரசீதுக் கட்டும் தயாராக இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் பொருளாளர்