பத்திர வேர்ட் ஃபைல்களை ஜிப் போட்டுப் பூட்டணும், சைஸும் குறைய மாட்டேங்குது: வழி சொல்லுங்க

காவிரிக்கரை:
வணக்கம். அப்பா ஆவண எழுத்தர். கும்பகோணம் பக்கம் சின்ன ஆபீஸ். 1999-லேர்ந்து அவர் சொல்லச் சொல்ல டைப் அடிக்கிறது நான்தான். 2009 வரைக்கும் எல்லாம் பழைய டாக் ஃபைல், வானவில் அவ்வையார் ஃபாண்டில். அதுக்கப்புறம் டாக்எக்ஸ், யூனிகோட்.

போன மாசம் பென் டிரைவை ஜெராக்ஸ் கடையில் விட்டுட்டு வந்துட்டேன். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தப்பதான் ஞாபகம் வந்தது. விடிஞ்சு கடை திறக்கிற வரைக்கும் பொட்டுத் தூக்கம் இல்லை. நாற்பது பேரோட ஆதார் நம்பர், பான் நம்பர், நாலெல்லை, கிரயத் தொகை எல்லாம் அதில் இருக்கு. கடைக்காரர் பத்திரமா எடுத்து வெச்சிருந்தார், நல்ல மனுஷன். "நம்மளை நம்பித்தான் மூலப்பத்திரத்தையே குடுத்துட்டுப் போறாங்க"ன்னு அப்பா சொன்ன ஒரே வார்த்தை இன்னும் காதுலயே நிக்குது.

அதான் எல்லாத்தையும் சுருக்கி, பாஸ்வேர்ட் போட்டு வைக்கலாம்னு பார்த்தேன். டாக்எக்ஸ் ஃபோல்டர் 1.2 ஜிபி, ஜிப் பண்ணினா 1.1 ஜிபி. இவ்வளவுதானா குறையும்? விண்டோஸ் 10-ல் ஜிப்புக்கு பாஸ்வேர்ட் போடற இடமே கண்ணுல படலை. இன்னொண்ணு, ஒரு வக்கீலம்மாவுக்கு வரைவு அனுப்பணும், அவங்க போன்லதான் பார்ப்பாங்க.

நேர்வழி:
மேடம், ஜிப்பே வேண்டாம். வேர்ட்லேயே ஃபைல், இன்ஃபோ, ப்ரொடெக்ட் டாக்குமென்ட் போய் பாஸ்வேர்ட் குடுங்க. முடிஞ்சது.

பழையசிஸ்டம்:
ஒரு ஃபைலுக்கு அது சரி தம்பி. ஆயிரக்கணக்கான ஃபைலை ஒவ்வொண்ணா திறந்து பூட்ட முடியாது. பழைய டாக் ஃபார்மட்டில் போடற பாஸ்வேர்ட் ரொம்பப் பலவீனம், அதை உடைக்க இன்னிக்கு ஒரு சாதாரண கம்ப்யூட்டர் போதும். அதுவும் போக, ஃபைல் பெயர் அப்படியே வெளியே தெரியும். பத்திர ஆபீஸ் ஃபைலுக்கு எப்படிப் பெயர் வைப்பாங்க? இன்னார் கிரயம், இன்னார் பாகப்பிரிவினை, சர்வே நம்பர். பெயரைப் படிச்சாலே யார் வீட்டில் என்ன நடந்ததுன்னு தெரிஞ்சுடும்.

அம்மா, சைஸ் ஏன் குறையலைன்னா, டாக்எக்ஸ் ஃபைலே ஒரு ஜிப்தான். வேர்ட் 2007-லேர்ந்து அப்படித்தான். ஒரு ஃபைலை காப்பி எடுத்து, பெயர்க் கடைசியில் ஜிப்னு மாத்தித் திறந்து பாருங்க. உள்ளே வேர்ட்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ளே மீடியா, அதில் நீங்க ஒட்டின ஆதார் ஸ்கேன், போட்டோ எல்லாம் வரிசையா இருக்கும். அதுவும் ஜேபெக், ஏற்கெனவே சுருக்கினது. பிழிஞ்ச துணியை மறுபடி பிழிஞ்சா எவ்வளவு தண்ணி வரும்? பழைய டாக் ஃபைல் அப்படியில்லை, நல்லாவே குறையும்.

பூட்டறதுக்கு செவன்-ஜிப் போட்டுக்குங்க, இலவசம். ஜிப் ஃபார்மட்டில் பாஸ்வேர்ட் குடுக்கும்போது ஜிப்கிரிப்டோன்னு ஒரு பழைய பூட்டு முறை இருந்தா விட்டுடுங்க. உள்ளே இருக்கிற ஒரு ஃபைலோட கொஞ்சம் பகுதி தெரிஞ்சாலே மொத்தத்தையும் திறக்கலாம்னு பிஹாம், கோச்சர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1994-லேயே காட்டிட்டாங்க. உங்க பத்திரமெல்லாம் ஒரே மாதிரி ஆரம்பிக்கும், நினைவிருக்கட்டும். ஆர்க்கைவ், அதாவது சுருக்கின மூட்டை, அதோட ஃபார்மட்டில் 7இசட் எடுங்க, அதில் ஏஇஎஸ்-256னு வலுவான பூட்டு முறைதான் வரும். கீழே 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்'னு ஒரு கட்டம் இருக்கு, அதை டிக் பண்ண மறக்காதீங்க. பண்ணலைன்னா பாஸ்வேர்ட் இல்லாமலே பெயர்ப் பட்டியல் தெரியும். ஜிப் ஃபார்மட்டில் அந்த வசதியே கிடையாது.

ஒரு விஷயத்தில் நான் அடிபட்டிருக்கேன். செவன்-ஜிப் ஜன்னலுக்குள்ளேயே டபுள் கிளிக் பண்ணினா, அது டெம்ப்னு ஒரு தற்காலிக ஃபோல்டரில் ஒரு காப்பி எடுத்து வெச்சுத்தான் வேர்டைத் திறக்கும். திருத்தி சேவ் பண்ணி, முதல்ல வேர்டை மூடணும், அப்ப "ஆர்க்கைவில் மாத்தட்டுமா"ன்னு கேட்கும். நான் செவன்-ஜிப்பை முதல்ல மூடிட்டேன். அரை நாள் திருத்தம் ஆர்க்கைவுக்குள் போகவே இல்லை, டெம்ப்பில் பூட்டில்லாம கிடந்தது. அதனால வெளியே எடுத்து வேலை செய்யுங்க, முடிச்சதும் புதுசா பூட்டி, வெளிக் காப்பியை ஷிஃப்ட் டெலீட் பண்ணுங்க.

வக்கீலம்மா ஆண்ட்ராய்டு போன்னா இசட்ஆர்க்கைவர்னு ஒரு ஆப் 7இசட்டைத் திறக்கும். பாஸ்வேர்டை அதே மெயிலில் எழுதாதீங்க, போன் பண்ணிச் சொல்லுங்க. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் நேரா ஒட்ட முடியாது, வரைவுக்கு அது தாராளம்.

ஈயஎழுத்து:
வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம், அச்சகத்தில வேலை. எங்களிட்டப் பாமினி எண்ட ஃபாண்டில அடிச்ச பழைய ஃபைல்கள் நிறைய இருக்கு. ஃபாண்ட் ஃபைலையும் அதே ஆர்க்கைவுக்குள்ள சேர்த்து வையுங்கோ. பத்து வருசம் கழிச்சு வேற கம்ப்யூட்டரில திறக்கேக்க ஃபாண்ட் இல்லையெண்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.

மற்றது, பாஸ்வேர்டைத் தமிழில வைக்காதேங்கோ. யூனிகோடில 'கொ' எண்டதை இரண்டு விதமாப் பதியலாம். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் வரும், ரெண்டும் தனித்தனிக் குறியாகவும் வரும். கண்ணுக்கு ஒரே எழுத்துத்தான், ஆனால் செவன்-ஜிப்புக்கு அது வேற பாஸ்வேர்ட். உங்கட கீபோர்டில அடிச்சது வேற கீபோர்டில சரிவருமெண்டு நிச்சயமில்லை.

காவிரிக்கரை:
ஐயா, தம்பி, ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. நான் 'கொள்ளிடம்'னுதான் பாஸ்வேர்ட் வெச்சிருந்தேன்! உடனே மாத்தி, சம்பந்தமில்லாத அஞ்சு இங்கிலீஷ் வார்த்தையைக் கோத்து வெச்சுட்டேன்.

நேத்து ஞாயித்துக்கிழமை முழுக்க இதே வேலை. பழைய டாக் ஃபோல்டர் 640 எம்பி இருந்தது 58 ஆச்சு. டாக்எக்ஸ் சொன்ன மாதிரியே பெரிசா அசையலை, பரவாயில்லை, பூட்டியாச்சு. வருஷத்துக்கு ஒரு ஆர்க்கைவ். 2004-ஐ அப்பா முன்னாடி திறந்து காட்டினேன். பெயர்ப் பட்டியல் வர்றதுக்கு முன்னாடியே பாஸ்வேர்ட் கேட்டது. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். பாஸ்வேர்டை ஒரு தாள்ல எழுதி, பீரோவில் மூலப்பத்திரம் வைக்கிற தகரப் பெட்டிக்குள்ளே அவரே வெச்சுட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். ஒரிஜினலை இப்ப அழிச்சுடலாமா?

பழையசிஸ்டம்:
அவசரப்படாதீங்க அம்மா. ஒவ்வொரு ஆர்க்கைவையும் செலக்ட் பண்ணி மேலே 'டெஸ்ட்' அழுத்துங்க, எர்ரர் இல்லைன்னு வரணும். வேற ஒரு ஹார்ட் டிஸ்கில் இன்னொரு காப்பி போட்டு, அதையும் டெஸ்ட் பண்ணுங்க. பாஸ்வேர்ட் தொலைஞ்சா செவன்-ஜிப்பில் மீட்க வழியே கிடையாது, அதனால அந்தத் தாளுக்கும் இன்னொரு வீட்டில் ஒரு நகல் இருக்கட்டும். அப்புறம் அழிக்கலாம்.