மன்னார் வளைகுடா முத்துச்சிப்பிக்கு எந்தப் பெயர் எழுதுவது?

நண்பர்களே, கல்லூரி அருங்காட்சியகத்தில் உள்ள மன்னார் வளைகுடா முத்துச்சிப்பி ஓடுகளுக்குப் புதிய பெயர்ச்சீட்டு எழுத வேண்டியிருக்கிறது. பழைய சீட்டில் பிங்டாடா ஃபியூகேட்டா, கூல்ட், 1850 என்று அறிவியல் பெயரும், பெயரிட்டவரும், ஆண்டும் இருக்கின்றன. கூல்ட் அதை முதலில் வைத்த பேரினம் அவிகுலா; பிங்டாடாவுக்கு அது பின்னர் மாற்றப்பட்டது. ஆகவே அவர் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டாக வேண்டும். அது எளிது. சிக்கல் வேறு. சில கட்டுரைகள் இதை 1798இல் ரோடிங் பெயரிட்ட பிங்டாடா இம்ப்ரிகேட்டா என்ற இனத்தின் துணையினம் என்கின்றன. வேறு சில தனியினம் என்று அடித்துச் சொல்கின்றன. ஒரு சிப்பிக்கு எத்தனை ஜாதகம்!

இரு ஓடுகளும் இணையும் கீல் விளிம்பில் சிறு பற்கள் தெரிகின்றன, உட்புறம் பொன்மஞ்சள் மினுமினுப்பு. பற்களே இல்லாத கறுப்பு உதட்டு முத்துச்சிப்பியாக இருக்க முடியாது. குடும்பத்தை டெரிடே என்பதா, மார்கரிட்டிடே என்பதா? மெல்லுடலி வகைப்பாடு அறிந்தவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள். படங்களை இணைத்திருக்கிறேன்.