ஸ்பைக் என்றைக்கும் ஸ்பைக்தானா?

மேய்ச்சல்காரன்:
குத்தகை வேட்டை, அதாவது நிலத்தை வேட்டைக்காரர்களுக்குக் காசுக்கு விடுவது பற்றிப் பேசும்போது, ஸ்பைக் எனப்படும் கிளை விடாத நேர்க்கொம்பு இளம் ஆண்மானைப் பற்றிக் கல்மேடு நேற்று எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஒன்றரை வயதில் கொம்பு கிளைக்காத ஆண்மான் சாகிறவரை ஸ்பைக்தான். அதைச் சுடாமல் விடுகிற சின்ன நிலத்துக்காரர்களால்தான் ஹில் கன்ட்ரியில் நல்ல கொம்பே இல்லை." டெக்சாஸின் இந்த ஹில் கன்ட்ரி மலைப்பகுதியில் எனக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது ஒரு முள்கம்பி வேலி. அந்தச் சின்ன நிலத்துக்காரன் யார் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், எனவே பதில் சொல்கிறேன்.

சாகிறவரை ஸ்பைக் என்பது தவறு. தென் டெக்சாஸில் காட்டு வெள்ளைவால் மான்களை ஹெலிகாப்டரிலிருந்து வலை வீசிப் பிடித்து, அடையாளம் போட்டு விட்டு, பின்வந்த ஆண்டுகளில் மறுபடி பிடித்துக் கொம்பை அளந்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. முதல் கொம்பு எப்படி இருந்தாலும் நாலு வயது தாண்டும்போது வித்தியாசம் மறைந்துவிடுகிறது. தாமதமாகப் பிறந்த குட்டி, தீனி போதாத தாய், வறண்ட வருஷம், இவைதான் ஸ்பைக்கை உண்டாக்குகின்றன.

கல்மேடு:
இதே ஹில் கன்ட்ரியில் இருக்கிற கெர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதியில் 1970களிலிருந்து செய்த ஆய்வை ஏன் விட்டுவிட்டீர்கள்? பட்டியில் வைத்து, ஒரே தீனி கொடுத்து, அப்பன் யார் ஆத்தாள் யார் என்று பதிவு வைத்து வளர்த்த மான்கள். ஸ்பைக்காகத் தொடங்கியவை பெரிய வயதிலும் மற்றவற்றைவிடக் கொம்பில் குறைவாகவே இருந்தன. ஹெலிகாப்டரில் பறந்து பிடித்தவர்களுக்கு எந்த மான் எதைத் தின்றது என்று தெரியுமா?

மேய்ச்சல்காரன்:
அதே கெர் பட்டியில்தான் 16 சதவீதப் புரதம் தின்ற மானுக்கும் 8 சதவீதம் தின்ற மானுக்கும் கொம்பில் எவ்வளவு வித்தியாசம் என்று காட்டினார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிவிட்டீர்கள். அப்புறம், "குறைவாக இருந்தன" என்பது வேறு, "சாகிறவரை ஸ்பைக்" என்பது வேறு. நீங்கள் எழுதியது இரண்டாவது.

கல்மேடு:
ஸ்பைக் ஸ்பைக்தான்.

புதுநிலம்:
வணக்கம். போன வருஷம்தான் நிலம் வாங்கினேன். ஒரு சந்தேகம். நான் சுடாமல் விட்ட இளம் ஆண்மானைப் பக்கத்து நிலத்தில் சுட்டுவிட்டார்கள். அது என் மான் இல்லையா?

வேலி எட்டடி:
இல்லை தம்பி. டெக்சாஸில் காட்டு மான் மாநில மக்களுக்குச் சொந்தம். மான் தாண்டாதபடி எட்டடி வேலி போட்டாலும் உள்ளே இருக்கிற மான் உங்கள் சொத்தாகாது. ஆனால் வேலி போட்டால் இந்தச் சண்டை இருக்காது. நான் போட்டுவிட்டேன், நிம்மதியாக இருக்கிறேன்.

மேய்ச்சல்காரன்:
நிம்மதி உங்களுக்கு. எங்கள் பக்கத்து ஓடைக்கு வந்துகொண்டிருந்த மான்களின் பாதை அடைபட்டுப் போனது. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

புதுநிலம், கேளுங்கள். முதிர்ந்த ஆண்மான் சுற்றுகிற பரப்பு 640 ஏக்கரைத் தாண்டுவது சாதாரணம். ஒன்றரை வயது ஆண்மான்களில் பல பிறந்த இடத்தை விட்டே போய்விடுகின்றன, சில மைல்கணக்கில். நீங்கள் விட்டது பக்கத்துக்காரரிடம் போகும், அவர் விட்டது உங்களிடம் வரும். அதனால்தான் பல நிலத்துக்காரர்கள் சேர்ந்து ஒரே திட்டத்தில் நடத்துகிறார்கள். இங்கே நாங்கள் சேர்ந்து செய்யலாம் என்று நான் கூட்டம் போட்டபோது வராதவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

கல்மேடு:
கூட்டத்துக்கு வரவில்லை என்றால், முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கக் கூப்பிட்டீர்கள் என்பதால்தான். அந்தக் காகிதத்தில் முதல் வரியே "கிளைக்காத கொம்புள்ளதைச் சுடக்கூடாது". சட்டமே சுடலாம் என்கிறது. எந்தக் கொம்புள்ள மானைச் சுடலாம் என்கிற கொம்புக் கட்டுப்பாடு 2002இல் ஆறு கவுன்டிகளில் (மாவட்டம் மாதிரி) தொடங்கியபோதே, ஒரு பக்கமாவது கொம்பு கிளைக்காமல் இருந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் உள்விரிவு, அதாவது இரண்டு கொம்புக்கும் நடுவிலுள்ள அகலம், 13 அங்குலமோ ஒரு கொம்பில் ஆறு முனையோ வேண்டும் என்றுதான் வைத்தார்கள். சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ?

மேய்ச்சல்காரன்:
எடுக்கலாம் என்பதற்கும் எடுத்தே தீர வேண்டும் என்பதற்கும் வித்தியாசம் இல்லையா? கிளைத்த கொம்புள்ள இளசுகளைக் காப்பாற்றத்தான் அந்த 13 அங்குலம். வேட்டைக்காரர்களுக்கு வருஷத்தில் ஏதாவது ஒரு இளம் ஆண்மான் கிடைக்கட்டும் என்று விட்ட வழிதான் ஸ்பைக். அதை வைத்துக் கூட்டத்தின் பரம்பரையையே சீர்திருத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை.

சுட்டுச் சுட்டுச் சீர்திருத்த முடியுமா என்று செய்தும் பார்த்தாகிவிட்டது. தென் டெக்சாஸில் கோமாஞ்சி பண்ணையில் பல ஆண்டுகள், ஒரு பகுதியில் கொம்பு குறைந்த ஆண்மான்களைக் கடுமையாகச் சுட்டுக் கழித்தார்கள், ஒரு பகுதியில் மிதமாக, ஒரு பகுதியில் தொடவே இல்லை. கடுமையாகக் கழித்த இடத்திலும் கொம்பு பெரிதாகவில்லை. ஏன் ஆகும்? குட்டிக்குப் பாதிப் பரம்பரை தாயிடமிருந்து வருகிறது. பெண்மானுக்குக் கொம்பு கிடையாது. எந்தப் பெண்மான் எதைச் சுமக்கிறது என்று வேலியோரத்தில் உட்கார்ந்து எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

சோளக்கொல்லை:
இவ்வளவு படித்தவர் உங்கள் வேலிக்குப் பத்தடியில் மான் தின்னச் சோளத் தொட்டி ஏன் வைத்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். அதைப் பற்றி அப்போதே கேட்டேன், பதில் வரவில்லை.

மேய்ச்சல்காரன்:
அதைச் சட்டம் அனுமதிக்கிறது.

சோளக்கொல்லை:
சட்டம் அனுமதிக்கிறது என்று கல்மேடு சொன்னால் தப்பு, நீங்கள் சொன்னால் சரி. நல்லது. மானை மெலிய வைத்துக் கொல்லும் சிடபிள்யூடி நோய் டெக்சாஸில் 2012இல் ஹுவெக்கோ மலையில் மியூல் மான் என்கிற இன்னொரு இனத்தில் வந்தது, 2015இல் மெதினா கவுன்டியில் பட்டி வெள்ளைவாலில் வந்தது. எச்சில், சிறுநீர், சாணம் எல்லாவற்றிலும் பரவும் நோய் அது. மண்ணில் வருஷக்கணக்கில் தங்கும். ஒரே இடத்தில் எல்லா மானும் மூக்கை வைக்கும்படி சோளம் கொட்டுகிறவர் கூட்டத்தைக் காப்பாற்றுகிறாராம்.

வேலி எட்டடி:
சிடபிள்யூடிக்கும் ஸ்பைக்குக்கும் என்ன சம்பந்தம்?

சோளக்கொல்லை:
பட்டியில் மான் வளர்க்கிறவர் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்.

வேலி எட்டடி:
நான் மான் வளர்க்கவில்லை. வேலி மட்டும் போட்டேன். இரண்டும் ஒன்றல்ல என்று போன மாதமும் சொன்னேன்.

கல்மேடு:
ஸ்பைக்கைப் பற்றிப் பேசுங்கள். என் நிலத்தில் என் தாத்தா காலத்திலிருந்து ஸ்பைக்கை எடுக்கிறோம்.

மேய்ச்சல்காரன்:
எடுத்தும் உங்கள் பக்கத்தில் ஸ்பைக் குறையவில்லையே, அதை யோசித்தீர்களா? தலைமுறையாகச் சுட்டும் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அதே அளவு வருகிறது. காரணம் உங்கள் நிலத்திலேயே நிற்கிறது. லைவ் ஓக் மரங்களுக்குக் கீழே மான் வாய் எட்டுகிற உயரம் வரை ஒரு இலை இல்லை. பெண்மானை நீங்கள் தொடுவதில்லை. "தாயைச் சுட்டால் பாவம், கூட்டம் அழிந்துவிடும்" என்று நீங்களே சொன்னது. நம் ஹில் கன்ட்ரி அடங்கிய எட்வர்ட்ஸ் பீடபூமியில் மான் அழிவதா? புண்ணில் முட்டையிட்டுக் குட்டிகளைக் கொன்ற தசைப்புழு ஈயை 1960களில் ஒழித்த பிறகு இங்கே குட்டிகள் பிழைக்கத் தொடங்கி, அன்று முதல் மான் அதிகம் என்பதுதான் தொல்லை.

பெண்மான் மிஞ்சினால் தீனி பற்றாது. எல்லாப் பெண்மானும் முதல் சினைப்பருவத்திலேயே சினைப்படாது, மறுபடி சினைப்பருவம் வரும், குட்டி தாமதமாகப் பிறக்கும். தாமதமாகப் பிறந்தது அடுத்த இலையுதிர்காலத்தில் கிளை விடாத கொம்போடு நிற்கும். அதைச் சுட்டுவிட்டு அதன் தாயை விட்டுவிடுகிறீர்கள். அவள் அடுத்த வருஷம் இன்னொன்றைப் பெறுகிறாள்.

கல்மேடு:
மரத்தைப் பார்த்தது யார் அனுமதியோடு? வேலி தாண்டி வந்தீர்களா?

மேய்ச்சல்காரன்:
கவுன்டி சாலையிலிருந்தே தெரிகிறது.

கல்மேடு:
சாலையிலிருந்து இலையின் உயரம் தெரிகிறதா? நல்ல கண். அந்தக் கண்ணால் ஸ்பைக்கையும் பாருங்கள்.

புதுநிலம்:
அப்போது பெண்மானைத்தான் எடுக்க வேண்டுமா? எத்தனை என்று எப்படி முடிவு செய்வது?

மேய்ச்சல்காரன்:
முதலில் எண்ணிக்கை. ஆகஸ்ட், செப்டம்பர் இரவுகளில் ஒரே பாதையில் விளக்கடித்து எண்ணுங்கள், ஆண், பெண், குட்டி தனித்தனியாக. பெண்ணும் குட்டியும் எவ்வளவு, ஆண் எவ்வளவு என்று கிடைத்தால்தான் பேச முடியும். ஒரு நிலத்தில் மட்டும் எண்ணினால் பயன் குறைவு, மான் அன்றிரவு பக்கத்தில் நிற்கலாம். நாலு பேர் ஒரே வாரத்தில் எண்ண வேண்டும்.

சோளக்கொல்லை:
தொட்டியை எப்போது நகர்த்துவீர்கள்?

கல்மேடு:
புதுநிலம், என் பேச்சைக் கேளுங்கள். பெண்மானைத் தொடாதீர்கள். ஸ்பைக்கை எடுங்கள். பத்து வருஷத்தில் வித்தியாசம் தெரியும்.

மேய்ச்சல்காரன்:
உங்களுக்கு அதற்கும் மேலே ஆகிவிட்டது, எங்கே அந்த வித்தியாசம்?

கல்மேடு:
உங்களால்தான் தெரியவில்லை. நான் எடுப்பதை நீங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வளர்த்து அனுப்புகிறீர்கள்.

மேய்ச்சல்காரன்:
அனுப்புவது நான் இல்லை. ஒன்றரை வயதில் அது தானாகவே கிளம்பிவிடும். இதைத்தான் மேலே எழுதினேன், படிக்கவில்லை போலிருக்கிறது. செப்டம்பரில் நான் எண்ணப் போகிறேன். யார் வருகிறீர்கள்?

வேலி எட்டடி:
என் நிலத்துக்குள் விளக்கடிக்க வேண்டாம்.

சோளக்கொல்லை:
தொட்டியை நகர்த்திவிட்டுக் கூப்பிடுங்கள், யோசிக்கிறேன்.

கல்மேடு:
எண்ணும்போது ஸ்பைக்கைத் தனியாக எழுதுங்கள்.